பயன்பாட்டுக் கணிதத்தில் மேற்படிப்பு: எந்த வழி யாருக்கு?

பி.எஸ்சி. கணிதம் முடிக்கப்போகும் மாணவர் பயன்பாட்டுக் கணிதத்தில் மேலே படிக்க நினைத்தால், அவர் முன் முக்கியமாக நான்கு வழிகள் இருக்கின்றன: ஜாம் தேர்வு எழுதி எம்.எஸ்சி., இந்தியாவிலேயே எம்.எஸ்சி.யும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்.டி., அமெரிக்காவில் நேரடி பிஎச்.டி., ஐரோப்பாவில் முதுநிலை. "எந்தக் காலேஜுக்குப் பேர் அதிகம்?" என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள். அதைவிட முக்கியமான கேள்விகள் மூன்று. செலவு யாருடையது? பாதியில் மனம் மாறினால் கையில் என்ன மிஞ்சும்? நமக்குப் பிடித்த கணிதத்தை அங்கே யார் செய்கிறார்கள்? இந்த மூன்றையும் வைத்தே நான்கு வழிகளையும் எடைபோடலாம்.

ஜாம் எழுதி எம்.எஸ்சி.

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. கணிதம் படிக்க ஜாம் தேர்வு எழுத வேண்டும். தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பமோ முந்தைய செப்டம்பரையொட்டியே தொடங்கிவிடும். அதாவது, ஐந்தாவது செமஸ்டர் பாதியில் இருக்கும்போதே முடிவெடுத்தாக வேண்டும்.

மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 30 கேள்விகளுக்கு மட்டுமே நெகட்டிவ் மார்க் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கக்கூடிய 10 கேள்விகளுக்கும், விடையை எண்ணாகவே உள்ளிடும் 20 கேள்விகளுக்கும் அது கிடையாது. ஆகவே பின்னால் சொன்ன இந்த இரண்டு வகைகளிலும் ஒன்றைக்கூட விடாமல் முயலலாம்.

பாடத்திட்டத்தில் ரியல் அனாலிசிஸ், கால்குலஸ், வகைக்கெழுச் சமன்பாடுகள், லீனியர் அல்ஜீப்ரா, குரூப் தியரி ஆகியவை உண்டு. நியூமரிக்கல் அனாலிசிஸ் கிடையாது. "நான் படிக்கப்போவது பயன்பாட்டுக் கணிதம், எப்சிலான்-டெல்டா எனக்கெதற்கு?" என்று ஒதுக்குபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். தேற்றத்தை மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண் வாங்கிய பழக்கமும் இங்கே கைகொடுக்காது. தேற்றத்தின் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பதே இந்தத் தேர்வின் பாணி.

இந்த வழியின் பெரிய பலம், இரண்டே ஆண்டுகளில் ஒரு முழுப் பட்டம் கைக்கு வந்துவிடுவது. அதன்பின் நெட், கேட், வெளிநாடு, வேலை என்று எல்லாப் பக்கமும் போகலாம். நெட் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி மாதம் 37,000 ரூபாய். பெரும்பாலானவர்களுக்கு எம்.எஸ்சி. படிக்கும் காலத்தில் உதவித்தொகை இராது என்பதுதான் குறை. சென்னையை விட்டுப் போக விரும்பாதவர்கள் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தையும் பாருங்கள். அங்கே கணிதம், டேட்டா சயின்ஸ் இரண்டிலும் எம்.எஸ்சி. உண்டு, நுழைவுத் தேர்வு தனி.

ஒருங்கிணைந்த பிஎச்.டி.

பெங்களூரில் இரண்டு இடங்கள் கவனத்துக்குரியவை. இந்திய அறிவியல் கழகம் ஜாம் தேர்வு வழியாகவே மாணவர்களை எடுக்கிறது. எலகங்காவில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் (டி.ஐ.எஃப்.ஆர்.) பயன்பாட்டுக் கணித மையத்துக்கு டி.ஐ.எஃப்.ஆரின் சொந்தத் தேர்வு. அது பெரும்பாலும் டிசம்பரில் நடக்கும். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளில் இந்த மையம் நெடுநாளாகப் பேர்பெற்றது. பிரெஞ்சுக் கணித மரபோடு அதற்கு நெருங்கிய தொடர்பும் உண்டு.

முதலாண்டிலிருந்தே உதவித்தொகை வருவதால் வீட்டுக்குப் பாரமில்லை. ஆனால் இருபத்தொரு வயதில் ஆறேழு ஆண்டுகளுக்குக் கையெழுத்துப் போடுகிறோம். நடுவில் விலகினால் முதுநிலைப் பட்டம் கிடைக்குமா, எத்தனை செமஸ்டர் முடித்திருக்க வேண்டும் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அமெரிக்காவில் நேரடி பிஎச்.டி.

முதுநிலைப் பட்டம் இல்லாமலே பிஎச்.டி.யில் சேரலாம் என்பது அமெரிக்க முறையின் வசதி. கல்விக் கட்டணம் தள்ளுபடி, மாதச் சம்பளம். பதிலுக்கு இளநிலை மாணவர்களுக்கு கால்குலஸ் டுடோரியல் எடுக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் பாடங்களும் தகுதித் தேர்வும், பிறகு ஆராய்ச்சி. அதே துறையில் முதுநிலை மட்டும் என்றால் பெரும்பாலும் கைக்காசுதான்.

பிரவுன், சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பயன்பாட்டுக் கணிதத்துக்கெனத் தனித் துறையே உண்டு. நியூயார்க்கின் கூரன்ட் கழகத்தில் அது கணிதத்தோடு கலந்தே இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 2007இல் ஏபெல் பரிசு பெற்ற எஸ்.ஆர். சீனிவாச வரதன் 1963 முதல் பணியாற்றிய இடம் அதுதான்.

இரண்டு தடைகள். மூன்றாண்டு பி.எஸ்சி.யை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை. பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 100 டாலர். கட்டண விலக்கு கேட்டால் சில இடங்களில் கிடைக்கும். 2025இல் ஆராய்ச்சி நிதி வெட்டுக்குப் பின் சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைக் குறைத்தன என்பதால், அமெரிக்காவை மட்டுமே நம்பி இருப்பது இப்போது சரியல்ல.

ஐரோப்பாவில் முதுநிலை

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. விதிவிலக்குகள் உண்டு: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது கட்டணம் வாங்குகிறது. "இலவசம்" என்ற சொல்லை நம்பிக் கிளம்பாதீர்கள். விசாவுக்கு, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவை முன்கூட்டியே காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோவாக உயர்ந்தது. இந்திய மாணவர்களுக்கு, பட்டச் சான்றுகள் உண்மையானவை என்று காட்டும் ஏ.பி.எஸ். சான்றிதழும் தேவை. பிரிட்டனில் படிப்பு பெரும்பாலும் ஓராண்டில் முடியும். ஆனால் உதவித்தொகை இல்லாமல் கடன் வாங்கிப் போகும் அளவுக்கு அது லாபமான வழியல்ல.

துறையின் பெயரை நம்பாதீர்கள்

பயன்பாட்டுக் கணிதம் ஒரே துறைக்குள் அடங்குவதில்லை. திரவ ஓட்டத்தைக் கணிப்பவர் ஏரோஸ்பேஸ் துறையில் இருப்பார். மேட்ரிக்ஸ் அல்காரிதம் எழுதுபவர் கம்ப்யூட்டர் சயின்ஸில் இருப்பார். ஆகவே துறைப் பட்டியலைவிட ஆசிரியர் பட்டியலைப் பாருங்கள். பிடித்த தலைப்பில் குறைந்தது மூன்று பேர் வேலை செய்கிற இடமாக இருக்கட்டும். ஒரே ஒருவரை நம்பிச் சேர்ந்து, அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் சிக்கல்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

நோக்கக் கட்டுரையில் "சிறு வயது முதலே கணக்கு என்றால் உயிர்" என்று எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "இறுதியாண்டு புராஜெக்டில் வெப்பச் சமன்பாட்டை எக்ஸ்ப்ளிசிட் முறையில் கணினியில் தீர்த்தேன். விடை கண்டபடி பெரிதாகிக்கொண்டே போனது. கால இடைவெளி, தூர இடைவெளியின் வர்க்கத்தில் பாதிக்கு மேல் இருந்ததே காரணம் என்று புரிந்தது. அங்கிருந்து ஸ்டெபிலிட்டி பற்றிப் படிக்கத் தொடங்கினேன்." நான்கே வரிகள்தான். இவர் கணக்கும் போட்டிருக்கிறார், காரணமும் தேடியிருக்கிறார் என்பது வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். உங்களைத் தூரத்திலிருந்து தெரிந்த முதல்வரின் கடிதத்தைவிட, புராஜெக்டை வாரா வாரம் திருத்திய உதவிப் பேராசிரியரின் கடிதம் எடை கூடியது. குறைந்தது ஒன்றரை மாதம் முன்பே கேளுங்கள்.

முடிவாக

மூன்றாண்டு பி.எஸ்சி., ஆராய்ச்சி எப்படி இருக்கும் என்று இன்னும் தெரியாது என்றால் ஜாம் வழி எம்.எஸ்சி.தான் சரி. ஆராய்ச்சிதான் என்று உறுதியாகத் தெரிந்து, வீட்டில் பணமும் இல்லையென்றால் ஒருங்கிணைந்த பிஎச்.டி. நான்காண்டுப் பட்டமோ எம்.எஸ்சி.யோ, நல்ல புராஜெக்டும் இரண்டு மூன்று வலுவான கடிதங்களும் கையில் இருந்தால் அமெரிக்கா. முடக்கக் கணக்குக்குப் பணம் புரட்ட முடிந்தவர்களுக்கு ஜெர்மனி. எதைத் தேர்ந்தாலும் ஜாமுக்கும் விண்ணப்பித்து வையுங்கள். மற்ற மூன்றும் கைவிட்டாலும் ஓர் ஆண்டு வீணாகாது.