ஸ்டார்ட்டர் ஸாலினாய்டும் அதன் மின்கம்பிகளும்

மைசூர் விஜயநகரிலிருந்து ஹுன்சூர்ச் சாலை வழியே கிராமங்களுக்குப் புறப்பட வேண்டிய ஜீப்பில், சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற ஒலி மட்டும் கேட்டு எஞ்சின் அசையாவிடில் அன்றைய களப்பணி தடைப்படும். அவ்வேளையில் பாட்டரியையோ ஸ்டார்ட்டரையோ உடனே மாற்றிவிடுவோர் உண்டு. ஆனால் பழுது துருவேறிய ஓர் இணைப்பிலும் இருக்கலாம்.

விஜயநகருக்கு அண்மையிலுள்ள யாதவகிரியில் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் மோட்டார் சைக்கிள்களைக் காலால் உதைத்தே கிளப்பினர். கார் எஞ்சினை மோட்டாரால் சுழற்றவோ ஏறத்தாழ 150 முதல் 200 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். சாவியின் சிறிய தொடுமுனைகள் இதைத் தாங்கா. எனவே, சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரு மின்னோட்டத்தை இணைக்கும் ஸாலினாய்டு அமைக்கப்பட்டுள்ளது.

இயங்கும் முறை

ஸாலினாய்டினுள் இரு கம்பிச் சுருள்கள் உள்ளன: ஒன்று இழுக்கும் சுருள், மற்றது பிடித்து நிறுத்தும் சுருள். சாவியைத் திருப்பினால் இரண்டும் காந்தமாகி இரும்புத் தண்டை உள்ளிழுக்கின்றன. தண்டு ஒரு நெம்புகோலால் சிறு பற்சக்கரத்தை எஞ்சினின் பல்வளையத்தோடு பொருத்துகிறது. பின்னர் ஒரு செப்புத் தகடு இரு பெரிய முனைகளையும் இணைக்க, மோட்டார் சுழல்கிறது. அப்போது இழுக்கும் சுருளின் இரு முனைகளிலும் ஒரே மின்னழுத்தம் நிலவுவதால் அதில் மின்னோட்டம் நின்றுவிடும். மற்றச் சுருள் மட்டுமே தண்டைப் பிடித்திருக்கும்.

பழுது காணும் முறை

ஓர் இணைப்பின் தடை நூறில் ஒரு பங்கு ஓம் எனக் கொள்வோம். அதன் வழியே 200 ஆம்பியர் பாயுங்கால் 2 வோல்ட் வீணாகும். மின்னோட்டம் இல்லாதபோதோ இக்குறை புலப்படாது. ஆதலால் ஒருவர் சாவியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே மற்றொருவர் வோல்ட்மீட்டரால் அளத்தல் வேண்டும்.

1. பாட்டரியின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் 9.6 வோல்ட்டுக்குக் கீழிறங்கினால், முதலில் பாட்டரியைச் சோதிக்க வேண்டும்.

2. பாட்டரியின் நேர்முனைக்கும் ஸாலினாய்டின் மோட்டார்ப்பக்க முனைக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், இணைப்புகளை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். இரு பெரிய முனைகளுக்கிடையே மட்டும் இக்குறை தோன்றின், உள்ளே தொடுமுனைகள் கருகியுள்ளன.

3. எதிர்முனைக்கும் ஸ்டார்ட்டரின் உடலுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் கம்பியைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும்.

4. ஒலியே எழாவிடில், ஸாலினாய்டின் சிறு முனையில் அளக்க வேண்டும். அங்கு மின்னழுத்தம் இல்லையெனில் பழுது சாவி, பியூஸ் அல்லது கம்பியில் உள்ளது. மின்னழுத்தம் நிறைவாக இருந்தும் தண்டு அசையாவிடில் ஸாலினாய்டே பழுது.

'டக் டக்' என ஒலி தொடர்ந்து எழுந்தால், தொடுமுனைகள் இணைந்தவுடன் மின்னழுத்தம் சரிந்து தண்டு பின்வாங்குகிறது எனக் கொள்ளலாம். பாட்டரியின் வலுக்குறைவோ தளர்ந்த இணைப்போ பிடித்து நிறுத்தும் சுருளின் அறுபடலோ இதற்குக் காரணமாகும்.

எச்சரிக்கை

சோதனைக்கு முன் கியரை நடுநிலையில் வைத்துக் கைப்பிரேக்கை இட வேண்டும். பெரிய முனைகளைத் திருப்புளியால் இணைத்துப் பார்த்தல் ஆகாது. கியரில் உள்ள வண்டி பாய்ந்து ஆளை நசுக்கக்கூடும். தீப்பொறியால் பாட்டரியின் ஹைட்ரஜன் வாயு வெடிக்கவும் கூடும். கம்பிகளைக் கழற்றுமுன் பாட்டரியின் எதிர்முனையை முதலில் விலக்க வேண்டும்.