பயமுறுத்தும் பிரசங்கம்

கே: ஜொனாதன் எட்வர்ட்ஸ் என்ற கிறிஸ்தவப் போதகரின் பிரசங்கம் கேட்டு ஜனங்கள் அலறினார்களாமே, வெறும் பேச்சுக்கு அவ்வளவு சக்தியா?
– வாசகர், நெய்வேலி

ப: உண்டு. 1741 ஜூலை 8 அன்று, அமெரிக்காவின் என்ஃபீல்டில், 'கடவுள் உன்னைத் தீக்கு மேல் சிலந்தியைப் போலப் பிடித்திருக்கிறார்' என்ற பொருளில் பேசினார். உவமையைவிட அந்த 'உன்னை'தான் ஆளை உலுக்கியது. இப்படிப் பயமுறுத்தும் பேச்சு நம்மிடமும் உண்டு. நாலடியாரில் கல்யாண மேளம் அன்றைக்கே சாவு மேளமாகிறது. குறளில் ஒவ்வொரு நாளும் உயிரை அறுக்கும் வாள். முதலில் பயம், பின்னாலேயே போக்கிடம்: மனந்திரும்பு என்பார் எட்வர்ட்ஸ், அறம் செய் என்பார்கள் நம் புலவர்கள். இதே உத்தியை இன்று விளம்பரமும் தேர்தல் மேடையும் கையாள்கின்றன. பயமுறுத்திவிட்டு உடனே வழியும் காட்டுகிறவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.