பாட்டுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-இல் கலைத் திருவிழா தொடங்கப்பட்ட பிறகு, உங்களில் பலர் மேடையேறிப் பாடியிருப்பீர்கள். ஒருவருக்கு 80, மற்றவருக்கு 60 என்று நடுவர் மதிப்பெண் போடுகிறாரே, அவர் எதை அளக்கிறார்?

செம்பட்டியில் நடந்த ஒரு பாட்டுப் போட்டிக்கு நானும் ஒரு முறை நடுவராகச் சென்றேன். பௌதிக ஆசிரியன் அல்லவா? அதிர்வெண்ணைக் காட்டும் கைப்பேசிச் செயலி ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தோடி ராகம் பாடினான். காந்தாரம் வரும்போதெல்லாம் செயலியின் முள் ஊசலாடியது. 'சுருதி நிற்கவில்லை' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன்.

பக்கத்திலிருந்த இசையாசிரியை என் தாளைப் பார்த்துச் சிரித்தார். "சார், தோடியில் காந்தாரத்தை அசைக்காமல் பாடினால்தான் குறைக்க வேண்டும்!" என்றார். நான் எங்கே தவறினேன் என்று பார்ப்போம்.

முதலில் சுருதி. சுருதிப்பெட்டியின் ஷட்ஜம் 200 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். பஞ்சமம் அதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 300. ஆனால் எந்தச் சுரத்திலும் அடிப்படை அதிர்வுடன் அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வுகளும் கலந்திருக்கும். ஷட்ஜத்தின் 3 மடங்கு 600; பஞ்சமத்தின் 2 மடங்கும் 600. இரண்டும் ஒன்றிவிடும். பாடுபவர் 298-இல் நின்றால் 2 மடங்கு 596 ஆகும். வேறுபாடு 4. ஆகவே விநாடிக்கு 4 முறை ஒலி ஏறி இறங்கும். இதுவே நீங்கள் பாடநூலில் படிக்கும் 'விம்மல்'. பழகிய செவி இதை உடனே கண்டுகொள்ளும்.

நீட்டி நிறுத்தும் சுரத்துக்கு இந்தச் சோதனை பொருந்தும். கமகத்துக்குப் பொருந்தாது. கமகத்தில் குரல் வேண்டுமென்றே அசைகிறது. அப்படியானால் கமகத்தையும் வெறும் நடுக்கத்தையும் எப்படிப் பிரித்தறிவது? ஆசிரியை அந்த மாணவனை அதே பிடியை மறுபடி பாடச் சொன்னார். முள் முன்போலவே, அதே எல்லைக்குள், அதே வேகத்தில் அசைந்தது. மூச்சுப் போதாமல் வரும் நடுக்கம் இப்படி ஒழுங்காகத் திரும்ப வராது. நான் மதிப்பெண்ணைத் திருத்தினேன்.

அடுத்தது உணர்ச்சி வெளிப்பாடு. எந்தச் சொல்லில் குரலைத் தணிக்கிறார், எங்கே மூச்சு வாங்குகிறார், பொருள் கெடாமல் சொற்களைப் பிரிக்கிறாரா என்று நடுவர் கவனிக்கிறார். குரலின் உரப்பைக் கருவி அளந்து சொல்லும். அந்த இடத்தில் தணித்தது பொருத்தமா என்பதைக் கேட்பவரே சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஏறத்தாழ 13, 14 வயதில் பையன்களின் குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் சுமார் ஒரு ஸ்தாயி இறங்குகிறது. இதுவே மகரக்கட்டு. அந்நாளில் குரல் உடைவது பயிற்சிக் குறைவன்று. அவரவர்க்கு ஏற்ற கட்டையில் பாட விடுவதே நியாயம்.

நீங்களும் செய்து பாருங்கள். சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, அதனுடன் சேர்ந்து ஷட்ஜத்தை நீட்டுங்கள். பிறகு குரலை இம்மியளவு ஏற்றுங்கள். விம்மல் கேட்கிறதா? விநாடிக்கு எத்தனை என்று நண்பரை எண்ணச் சொல்லுங்கள்.