குதிரைக்குத் தவிடு மட்டும் போதுமா?

மெரினாவிலோ ஊட்டியிலோ கொடைக்கானலிலோ குதிரைச் சவாரி விட்டுப் பிழைப்பு நடத்துகிறீர்களா? ஆடி மாத அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கி வந்திருக்கிறீர்களா? அப்படின்னா இந்தப் பாடம் உங்களுக்குத்தான். எலும்புக்கு ஒரு டானிக், செரிமானத்துக்கு ஒரு பவுடர் என்று கடையில் டப்பா வாங்கும் முன், தீவனத் தொட்டியை ஒருமுறை பாருங்கள்.

எலும்பு ஏன் பலவீனமாகிறது?

குதிரைத் தீவனத்தில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால், கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு இருப்பது நல்லது. ஒரு பங்குக்குக் கீழே போகவே கூடாது. ஆனால் கோதுமைத் தவிட்டில் இந்தக் கணக்கு தலைகீழ். 1 கிலோ தவிட்டில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 11 கிராம். கால்சியம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. அரிசித் தவிடும் இதே கதைதான். பசுந்தீவனமாகப் போடும் கம்பு நேப்பியர் புல்லிலோ ஆக்சலேட் உண்டு. அது இருக்கிற கால்சியத்தையும் உடம்பில் சேர விடாது.

அப்போது ரத்தத்துக்குத் தேவையான கால்சியம் எங்கிருந்து வரும்? குதிரையின் சொந்த எலும்பிலிருந்துதான். அதனால் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே தெரியலாம். எலும்போ உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கும். இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று மாறி மாறி நொண்டும். மெல்லச் சிரமப்படும். முற்றினால் முகத்து எலும்பு இருபுறமும் வீங்கும். "வயசாயிடுச்சு, அதான் நொண்டுது" என்று விட்டுவிடாதீர்கள்.

எலும்புக்கு என்ன சேர்க்கலாம்?

• குதிரை மசால்: பேரிலேயே குதிரை இருக்கிறது, பாருங்கள்! இதில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் பல மடங்கு அதிகம்.

• தீவனத்துக்கான கால்சியம் கார்பனேட் தூள்: 1 கிலோ கோதுமைத் தவிட்டின் குறையைச் சரிக்கட்ட ஏறக்குறைய 40 கிராம் தேவைப்படும். உங்கள் குதிரைக்கான அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். அது வாயைப் பொத்துவிடும்.

• கொள்ளு: நல்ல புரதம்தான். ஆனால் தவிட்டின் கால்சியக் குறையை அது ஈடுகட்டாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: மாட்டுக்கும் கோழிக்கும் தயாரித்த தீவனத்தைக் குதிரைக்கு வைக்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். கோழிக்கு ஒன்றும் செய்யாத அந்த அளவு, குதிரையின் இதயத்தைப் பாதித்துக் கொன்றுவிடும்.

வயிறு நன்றாக இருக்க

குதிரைக்கு மாடு மாதிரி அசைபோடும் வயிறு கிடையாது. இரைப்பை சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். புல்லின் நார்ச்சத்து பின்குடலில், நுண்ணுயிர்களால்தான் செரிக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. எனவே:

• 100 கிலோ உடல் எடைக்கு, தினமும் ஒன்றரை முதல் 2 கிலோ வரை காய்ந்த புல் கொடுங்கள்.

• தானியத்தை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள்.

• தீவனத்தை மாற்றுவதானால் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

• மணலில் தீவனம் போடாதீர்கள். மணல் குடலில் தங்கி வலி வரும்.

• தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். ஈஸ்ட் பவுடர் நார்ச்சத்து செரிக்க உதவும். ஆனால் புல்லுக்கு அது மாற்று அல்ல.

உடனே கூப்பிடுங்கள்!

குதிரை தரையில் புரள்வது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, காலால் தரையைக் கீறுவது, சாணம் போடாமல் இருப்பது இவையெல்லாம் வயிற்றுவலியின் அடையாளங்கள். சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். காலையில் பார்த்துக்கலாம் என்று இருக்காதீர்கள். எண்ணெயை வாயில் ஊற்றவும் வேண்டாம். அது நுரையீரலுக்குள் போய்விடலாம். 1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள்.

வலி எதுவும் இல்லாதபோதும் ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். போகும்போது, ஒரு நாளைக்கு எந்தத் தீவனம் எத்தனை கிலோ கொடுக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எந்த டப்பா வேண்டும், எது வேண்டாம் என்பதை அந்தத் தாளைப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார்.