கார் கழுவும் மெஷின் பெயிண்டைக் கெடுக்குமா?
வாட்டர் சர்வீஸ் தொழில் செய்யும், செய்ய நினைக்கும் குழுக்களுக்கு ஒரு பாடம்



கறவை மாடு, ஆடு வளர்ப்பு, தையல், மளிகைக் கடை என்று தொழில் செய்துவரும் நம் குழுக்களில் சில, வாட்டர் சர்வீஸ் வைக்கலாமா என்றும் யோசிக்கின்றன. ரோட்டோரம் இடமும் போர் தண்ணீரும் இருக்கும் ஊர்களில் இது செய்யக்கூடிய தொழில்தான். ஆனால் குழுக் கூட்டங்களுக்குப் போகும் எங்களிடம் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

"டவுன்ல மெஷின் வந்துடுச்சாமே, கார் உள்ளே போனா கழுவி வெளியே வந்துடுதாம். அப்புறம் நம்மகிட்ட யாரு வருவாங்க?" என்பது ஒன்று. "மெஷின்ல விட்டா பெயிண்ட் போயிடும்னு சொல்றாங்களே, நிசமா?" என்பது இன்னொன்று.

இரண்டுக்கும் ஒரே பதில்தான். பெயிண்டைக் கெடுப்பது மெஷினும் இல்லை, கையும் இல்லை. வண்டியின் மேல் ஒட்டியிருக்கும் மணல்தான் கெடுக்கிறது. மணலை முதலில் இறக்கிவிட்டுத் தொட்டால் இரண்டுமே நல்லது. இறக்காமல் தேய்த்தால் இரண்டுமே கெடுதல். இது ஏன் என்று புரிந்துகொண்டால், வாங்கிய கடனும் போட்ட உழைப்பும் வீண்போகாது.

பெயிண்டின் கனம் எவ்வளவு?

காரின் பெயிண்ட் ஒரே பூச்சு இல்லை. தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. அதற்குக் 'கிளியர் கோட்' என்று பெயர். கார் பளபளப்பதும், வெயில் மழையிலிருந்து நிறம் காப்பாற்றப்படுவதும் இந்த மேல் பூச்சால்தான்.

இத்தனை பூச்சும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான் இருக்கும். 1000 மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். நம் தீர்மான நோட்டில் ஒரு தாளைத் தொட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அந்தக் கனத்துக்குள் நான்கு பூச்சும் அடங்கிவிடுகிறது. அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனத்தைவிடக் குறைவு.

கீறல் எப்படி விழுகிறது?

ஆற்று மணலும் ரோட்டுப் புழுதியும் பெரும்பாலும் படிகக் கல்லின் பொடி. இது கண்ணாடியையே கீறும் அளவுக்குக் கடினமானது. கிளியர் கோட் அதன் முன்னால் எம்மாத்திரம்? புழுதி படிந்த காரைக் காய்ந்த துணியால் துடைத்தால், பெயிண்டின் மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலத்தான்.

இந்தக் கீறல் உடனே தெரியாது. வெயிலிலோ டியூப் லைட் வெளிச்சத்திலோ பார்த்தால் சிலந்தி வலை போல வட்டம் வட்டமாகத் தெரியும். கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களில் நன்றாகத் தெரியும். பாலிஷ் போட்டுப் போக்கலாமே என்பீர்கள். கம்பவுண்ட் போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கிளியர் கோட் கொஞ்சம் தேய்கிறது. தேய்ந்தது திரும்ப வராது.

மெஷினில் மூன்று வகை

கார் கழுவ ஆட்களை வரிசையாக நிறுத்தி, காரைத் தள்ளிக்கொண்டே போய்க் கழுவும் முறை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1914ல் தொடங்கியது. பிறகு மெஷின் வந்தது. இன்று நம் நகரங்களில் சில சர்வீஸ் சென்டர்களிலும் பெட்ரோல் பங்குகளிலும் பார்க்கலாம்.

முதல் வகை, நைலான் பிரஷ் சுழலும் பழைய மெஷின். பெயிண்டுக்கு அதிகம் ஆபத்தானது இதுதான். முன்னால் போன வண்டியின் சேறு பிரஷ்ஷில் தங்கினால், அடுத்த காரை அந்தச் சேற்றாலேயே தேய்க்கும்.

இரண்டாவது வகையில் பிரஷ்ஷுக்குப் பதில் மெத்தென்ற ஃபோம் அல்லது துணிப் பட்டைகள் இருக்கும். தேய்க்கும் முன் வண்டியை நன்றாக நனைத்து, பட்டைகளையும் அவ்வப்போது சுத்தம் செய்தால் கீறல் மிகவும் குறையும். பராமரிப்பு இல்லாவிட்டால் இதுவும் பழைய பிரஷ் மாதிரிதான்.

மூன்றாவது வகை காரைத் தொடாமல், தண்ணீர் வேகத்தாலும் ரசாயனத்தாலும் மட்டும் கழுவுவது. கீறல் விழாது. ஆனால் தேய்க்காமல் அழுக்கைப் போக்கக் காரமான ரசாயனம் வேண்டும். அடிக்கடி பட்டால் பெயிண்டின் மேல் போட்ட மெழுகு போய்விடும். ஒட்டிய அழுக்கும் முழுசாகப் போகாது.

ஆக, நல்ல பெயிண்ட் உள்ள காரை, நன்றாகப் பராமரிக்கும் மெஷினில் விட்டால் பெரிய சேதம் வராது. வாரா வாரம் பழைய பிரஷ் மெஷினில் விட்டால் ஒரு வருடத்தில் பளபளப்புக் குறைவது தெரியும்.

சில வண்டிகளை பிரஷ் மெஷினில் விடவே கூடாது. டிங்கரிங் செய்து புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டி ஒன்று. கம்பெனியில் கிளியர் கோட்டைச் சுமார் 140 டிகிரி சூட்டில் சுடவைப்பார்கள். பட்டறையில் அவ்வளவு சூடு காட்ட முடியாது, அதனால் பெயிண்ட் இறுகச் சில வாரம் ஆகலாம். எப்போது கழுவலாம் என்று பெயிண்ட் அடித்தவரையே கேட்க வேண்டும். பளபளப்பு இல்லாத 'மேட்' பெயிண்ட், பெயிண்ட் உரிந்த வண்டி, மேலே கேரியரோ ஏரியலோ நீட்டிக்கொண்டிருக்கும் வண்டி ஆகியவையும் கூடாது. பட்டுச் சேலையை வாஷிங் மெஷினில் போடுவோமா? அது போலத்தான்.

இந்த வண்டிகளெல்லாம் கைக்கழுவலுக்குத்தான் வர வேண்டும். நம் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது. ஆனால் 'கையால் கழுவுகிறோம்' என்று சொன்னால் மட்டும் போதாது, முறையாகக் கழுவ வேண்டும்.

நாம் கழுவும் முறை

அரிசியைக் களைந்து, கல் அரித்த பிறகுதானே உலையில் போடுகிறோம்? காருக்கும் அதே ஒழுங்குதான்.

1. வண்டியை நிழலில் நிறுத்துங்கள். பானெட் சூடாக இருந்தால் ஆறவிடுங்கள். வெயிலில் கழுவினால் ஷாம்பும் உப்புத் தண்ணீரும் அப்படியே காய்ந்து வெள்ளை வெள்ளையாகக் கறை படியும்.

2. முதலில் தண்ணீர் மட்டும். மேலிருந்து கீழாக அடித்து மணலை இறக்குங்கள். இந்த வேலை முடியும்வரை துணியும் கையும் வண்டியில் படக்கூடாது. பிரஷர் கன்னை ஒரே இடத்தில் ஒட்டிப் பிடிக்காதீர்கள். ஒன்றரை அடி, இரண்டு அடி தள்ளியே பிடியுங்கள். பெயிண்ட் உரிந்த ஓரத்தில் அடித்தால் மிச்சமும் பெயர்ந்துவரும்.

3. ஃபோம் அடித்துச் சில நிமிடம் ஊறவிடுங்கள். அது காயும் முன்பே திரும்பத் தண்ணீர் அடியுங்கள்.

4. இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். ஒரு பக்கம் தேய்த்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்து, பிறகே ஷாம்பில் தோயுங்கள். ஒரே வாளி என்றால் எடுத்த மணலையே திரும்பப் பூசுகிறோம்.

5. மேல்பகுதிக்கு ஒரு துணி, சக்கரத்துக்கும் அடிப்பகுதிக்கும் வேறு துணி. நிறம் மாற்றி வாங்கினால் குழப்பம் வராது. மைக்ரோஃபைபர் துணியே நல்லது. கீழே விழுந்த துணியைத் துவைக்காமல் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

6. கார் ஷாம்பு மட்டும் போடுங்கள். துணி சோப்புத் தூள் காரம் அதிகம், மெழுகை எடுத்துவிடும். பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கட்டியில் நைசான கல் பொடி கலந்திருக்கும். "சோப்பு சோப்புதானே"ன்னு நினைக்க வேண்டாம்.

7. பறவை எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணி போட்டு ஊறவைத்து மெதுவாக எடுங்கள். அது வெயிலில் பெயிண்டை அரிக்கும் என்பதால், உடனே எடுக்கும்படி வண்டிக்காரரிடமும் சொல்லுங்கள்.

8. கடைசியில் உலர்ந்த சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள்.

ஒரு சீட்டு, ஒரு போட்டோ

ஒரு பேச்சுக்கு, ஒரு கார் கழுவ 400 ரூபாய் வாங்குகிறோம், செலவு போக 150 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். "என் கதவைக் கீறிட்டீங்க"ன்னு ஒருவர் சண்டைக்கு வந்து, பெயிண்ட் அடிக்க 4500 ரூபாய் கொடுக்க நேர்ந்தால், 30 கார் கழுவிய வருமானம் போயிற்று. அந்த மாதக் கடன் தவணை என்ன ஆகும்?

அதனால் வண்டி வந்ததும், தண்ணீர் அடிக்கும் முன் வண்டிக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள கீறல், ஒடுக்குகளைச் சீட்டில் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். செல்போனில் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். தவறு நம் பக்கம் இல்லாதபோது நமக்கு அதுதான் சாட்சி. வேலை செய்யும்போது வளையல், மோதிரம், தொங்கும் சாவிக்கொத்தைக் கழற்றி வைப்பதும் அவசியம். கீறல் அதிலிருந்தும் வரும்.

தண்ணீரை மறக்க வேண்டாம்

டியூபைத் திறந்து போட்டுவிட்டுக் கழுவினால் தண்ணீர் வீணாகும். ஒரு வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்தால், ஒரு காருக்கு எத்தனை வாளி போகிறது என்று நீங்களே கணக்குப் போடலாம். கழுவிய தண்ணீரில் மண்ணும் எண்ணெயும் கலந்திருக்கும். அதை ஏரிக்கோ வாய்க்காலுக்கோ விடக்கூடாது. மண் தங்க ஒரு தொட்டி, எண்ணெய் பிரிய ஒரு தொட்டி கட்ட வேண்டும். கடன் விண்ணப்பம் எழுதும் முன்பே ஊராட்சி அலுவலகத்திலும், மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும், மின்வாரிய அலுவலகத்திலும் என்னென்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாதக் கூட்டத்தில் பேச:

• நம் ஊர் வழியாக ஒரு நாளைக்கு எத்தனை கார், வேன், ஆட்டோ போகிறது? இரண்டு உறுப்பினர்கள் ஒரு நாள் உட்கார்ந்து எண்ண முடியுமா?
• பக்கத்து டவுனில் உள்ள மெஷின் எந்த வகை? என்ன கட்டணம் வாங்குகிறார்கள்?
• கோடையில் நம் போரில் தண்ணீர் நிற்குமா?
• இரண்டு வாளி, தனித்தனித் துணி, சீட்டு, இந்த மூன்றையும் யார் கவனிப்பது?

நினைவில் கொள்ள: முதலில் தண்ணீர், பிறகு ஷாம்பு, கடைசியில்தான் கை. இந்த வரிசை மாறினால் மெஷினானாலும் மனுஷியானாலும் கீறல் விழும்.