காணாமல் விசுவாசிப்பது புத்தியீனமா?

வேத பாடம்: யோவான் 20:24-29



ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிற நம் சகோதரர் ஒருவரிடம், டீ டைமில் கூட வேலை பார்க்கிறவர் கேட்டாராம்: "அண்ணே, இலங்கையில கோவூர்னு ஒருத்தர் லட்ச ரூபா பந்தயம் கட்டுனாரே, ஏன் ஒருத்தராலயும் ஜெயிக்க முடியல? கடவுளைக் கண்ணால காட்டுங்க, நானும் நம்புறேன்." சகோதரருக்குப் பதில் தெரியவில்லை. கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். அன்று முதல் இருவருக்கும் பேச்சில்லை.

1. கோவூரின் பந்தயம்

ஆபிரகாம் கோவூர் 1898-ல் திருவல்லாவில் மார்தோமா சபைப் போதகருக்கு மகனாகப் பிறந்தவர்; இலங்கையில் தாவரவியல் ஆசிரியராயிருந்தவர். மோசடிக்கு இடமில்லாதபடி அற்புத சக்தியைக் காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-ல் அறிவித்தார். 1978-ல் மரிக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை.

இதற்கு நாம் ஏன் பயப்படவேண்டும்? கள்ளத்தை வெளியாக்குவது தேவனுக்கு விரோதமல்ல. எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க நமக்கே கட்டளை உண்டு (1 தெச. 5:21). ஆனால் பந்தயத்துக்கு அற்புதம் செய்கிறவர் நம் தேவனல்ல. தேவாலயத்து உப்பரிகையில் இயேசு அதை மறுத்தார் (மத். 4:5-7).

2. பார்த்ததை மட்டுமா நம்புகிறோம்?

இன்ஸ்பெக்ஷனில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். மைக்ரோமீட்டரை ஸ்லிப் கேஜ் வைத்துச் சரிபார்க்கிறோம். அந்த கேஜுக்கு ஒரு லேப் சான்று தருகிறது. அந்த லேபின் அளவோ புதுடெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போகிறது. டெல்லிக்குப் போய்ப் பார்த்துவிட்டா பீஸை ஓகே பண்ணுகிறோம்?

"சந்தேகம் வந்தா திரும்ப அளக்கலாம், கடவுளை அளக்க முடியுமா?" என்று அந்த நண்பர் கேட்பார். நியாயமான கேள்விதான். இந்த உதாரணம் தேவன் உண்டென்று நிரூபிக்காது. நம்பத்தக்க சாட்சியை நம்புவது புத்தியீனமல்ல என்று மட்டுமே காட்டும். அப்படியானால், நம் சாட்சிகள் நம்பத்தக்கவர்களா?

3. சாட்சிகள்

உயிர்த்தெழுந்தவரை ஐந்நூறுக்கு அதிகமானோர் கண்டதாகப் பவுல் எழுதியபோது, அவர்களில் அநேகர் உயிரோடிருந்தார்கள் (1 கொரி. 15:6). போய் விசாரிக்கலாம் என்ற தைரியம் அது.

தோமாவைப் பாருங்கள். அவன் கேள்வி கேட்டான். சகோதரர் அவனைத் துரத்தவில்லை. எட்டு நாளைக்குப் பின் ஆண்டவர் வந்து காயங்களைக் காட்டினார். அந்தத் தோமாவே சென்னைப் பரங்கிமலையில் இரத்தசாட்சியாய் மரித்ததாகப் பாரம்பரியம் சொல்கிறது. காணாமல் விசுவாசிக்கிறவர்களுக்கு ஆண்டவர் சொன்ன ஆசீர்வாதம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வதல்ல. கண்டவர்களின் சாட்சியை ஏற்கிற நமக்கு உரியது அது.

4. நாம் எப்படிப்பட்ட சாட்சிகள்?

அந்த நண்பர் தேவனைப் பார்க்க முடியாது. உங்களைத் தினமும் பார்க்கிறார். அளக்காமலே ரிஜிஸ்டரில் அளவு எழுதுகிறோமா? சுகமாகாததைச் சுகமானதென்று சாட்சி நேரத்தில் சொல்கிறோமா? சாட்சி பொய்யானால் எந்தப் பதிலும் நிற்காது.

நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குச் சாந்தமாய்ப் பதில் சொல்லவேண்டும் (1 பேதுரு 3:15). ஆகவே சகோதரரே, திங்கட்கிழமை அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். "கோபப்பட்டது என் தப்பு தம்பி, இப்ப கேளுங்க" என்று ஆரம்பியுங்கள். பதில் தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லுங்கள். அதுவும் சாட்சியே.

கர்த்தர் நம்மை உண்மையுள்ள சாட்சிகளாக்குவாராக. ஆமென்.