காதுக்குப் பின்னாலா, காதுக்குள்ளேயா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. காது மந்தம். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின், உள்ளே வைப்பது என இரண்டு வகை காட்டுகிறார்கள். எது வசதி? எதில் பேச்சு தெளிவாகக் கேட்கும்?
- வாசகர், கே.ஜி.கண்டிகை

பதில்: முதலில், எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுங்கள். மெஷினை அதன்பின் தேர்ந்தெடுக்கலாம். முதுமையில் பெரும்பாலும் கீச்சு ஒலிகளே முதலில் மங்கும். 'ச', 'ஸ' நழுவிவிடும். அதனால்தான் பலரும் "சத்தம் கேட்குது, பேச்சு புரியல" என்கிறார்கள்.

அப்பாவின் குறை இந்த வகை என்றால், பின்னால் மாட்டி, ஸ்பீக்கரை மட்டும் மெல்லிய ஒயரில் காதுக்குள் விடும் ஆர்.ஐ.சி. வகையைப் பாருங்கள். காது முழுக்க அடைபடாததால், சொந்தக் குரல் பானைக்குள் பேசுவதுபோல் முழங்காது.

உள்ளே வைப்பது அவ்வளவாக வெளியே தெரியாது. ஆனால் மிகச் சிறியவற்றில் மஞ்சள் ஒட்டுள்ள 10-ஆம் எண் பேட்டரி போடுவார்கள். விரல் நடுங்கினால் மாற்றுவது சிரமம்; அடிக்கடி தீரும். காது அழுக்கும் அடைக்கும்.

கேட்கும் திறன் மிகக் குறைந்திருந்தால், காதின் அச்செடுத்துச் செய்த மோல்டுடன் பின்னால் மாட்டும் பெரிய மெஷின்தான் சரி.

அமைதியான அறையில் எல்லா மெஷினும் நன்றாகவே கேட்கும். சில நாள் சோதனைக்குக் கேட்டு வாங்கி, திருத்தணி பஸ் ஸ்டாண்டில் போட்டுப் பாருங்கள். ஆடியாலஜிஸ்ட் ஆடியோகிராமை வைத்து டியூன் செய்யாவிட்டால், விலை உயர்ந்த மெஷினும் இரைச்சல்தான்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால், திருவள்ளூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம்.